பாக்காம மூடாத தம்பி

"நான் பக்கத்துல குந்திக்கினு பாக்கலாமா?"

வண்டியை என் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான். வண்டிக்கு என்ன கோளாறு என்பதை அப்புறம்தான் சொன்னார்.

என் பட்டறை கிருமாம்பாக்கத்தில், கடலூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அவர் வந்தது பிள்ளைச்சாவடியிலிருந்து. அது புதுச்சேரிக்கு வடக்கே, நான் தெற்கே. நடுவில் டவுன் முழுக்க மெக்கானிக்குகள். அங்கே மூன்று பட்டறையில், "நீங்க வெளிய உக்காருங்க, முடிஞ்சதும் கூப்பிடறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று இடத்திலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாருங்கள் என்றேன். ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். குள்ளமான ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை. மீன் வியாபாரம். வண்டியோ ஐந்நூறு சி.சி. பைக், இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் கம்பி கேரியர். கேரியரில் அவர் வீட்டுக்காரரின் வாக்கர் மடக்கிக் கட்டியிருந்தது. வீட்டுக்காரர் எதிர் டீக்கடையில் இறங்கி உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், நல்ல பாரம். படகு கரை ஏறும்போது இடுப்பில் மோதி, அதற்குப் பிறகு இடது கால் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கடலுக்குப் போவது நின்றது. அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான்.

யார் சொல்வதையும் அக்கா அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார். பார்க்க வேண்டும். முடிந்தால் தொட வேண்டும். ஆயில் மாற்றினால் பழைய ஆயிலில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பார். பிரேக் கட்டை மாற்றினால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வார். "பாக்காம மூடாத தம்பி" என்பார், நான் எதை மூடப்போனாலும். பெட்ரோல் டேங்க் மூடிக்குக்கூட.

எனக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பார். சும்மா கொடுக்கிற மீன்தான். அதையும் என் எதிரில் செவுளைத் தூக்கிக் காட்டாமல் பையில் போடமாட்டார். "செவப்பா கீதா? நல்லாப் பாரு. அப்பால வூட்டுல கேப்பாங்க." அவர் வீட்டுக்காரரின் இடுப்பு எக்ஸ்ரேயை ஒருநாள் பட்டறைக்கே எடுத்துவந்தார். வெயிலில் தூக்கிப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். "ஆறு ஸ்க்ரூ போட்டன்னாரு டாக்டரு. நான் எண்ணிட்டன். நீயும் ஒருவாட்டி எண்ணு."

எண்ணினேன். ஆறுதான்.

எல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிப்போகிற விஷயமும் இல்லை. ஒரு காலையில் நான் ஸ்பேனரை எடுத்ததும் முகத்துக்கு நேராக வந்து நின்று, "ஊதுபா" என்றார். முந்தின நாள் ஊரில் ஒரு கல்யாணம். நான் குடித்திருப்பேனோ என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஸ்பேனரைத் தரையில் போட்டேன்.

"கோச்சிக்காத. உன்னத் தப்பா நெனைக்கல. பாக்கறன், அவ்ளோதான்."

ஊதினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் டப்பா மேல் உட்கார்ந்தார். அன்றைக்கு முழுதும் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு கோடையில் அவர்கள் கொல்லிமலைக் கோயிலுக்குக் கிளம்பிப் போய், பாதி மலையிலிருந்தே திரும்பிவந்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏதோ ஒரு வளைவில், வீட்டுக்காரரின் பாரமும் பெட்டிகளின் பாரமும் சேர்ந்து, வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. கிளட்ச் புகைந்தது. அதை வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார், சிரித்துச் சிரித்து.

"பின்னாடி ஜீப்புல நாலு பசங்கபா. எறங்கி வந்தானுங்க. என்ன அரிசி மூட்ட கணக்கா தூக்கி ஜீப்புல போட்டானுங்க. ஒருத்தன் கைய, ஒருத்தன் கால…"

"போதும்," என்றார் அக்கா.

அவர் நிறுத்திக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்த வண்டி இவர ஏத்திக்கினு அந்த மல மேல நிக்காம ஏறணும். இன்னா செய்யணும் சொல்லு."

சொன்னேன். இரண்டு வேலை. ஒன்று, பிஸ்டன் ஏறி இறங்குகிற பிளாக்கைப் போர் போட்டு, அதாவது உள்ளே கடைந்து, மூன்று மில்லிமீட்டர் அகலமான பிஸ்டன் இறக்குவது. என்ஜின் ஐந்நூற்று முப்பத்தைந்து சி.சி. ஆகும். இரண்டாவது கேம் மாற்றுவது. என்ஜின் எப்போது மூச்சு வாங்கி எப்போது விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம்தான். பையன்கள் வந்தால் வேகத்துக்கான கேம் கேட்பார்கள். அது நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் உயிர்பெறும். மலையில் இரண்டாவது கியரில் ஊர்கிறபோது அதனால் ஒரு பயனும் இல்லை.

"வேகம் வேணாம் தம்பி. இழுக்கணும்."

"அப்ப அதுக்குன்னு ஒரு கேம் இருக்குதுக்கா. கீழயே இழுவ குடுக்கும். ஆனா ஆர்.சி. புக்குல இருக்கற சி.சி. மாறிடும், அதுக்கு எழுதிக் குடுக்கணும்."

அதையும் அவர் என் வாய்ச்சொல்லாக விடவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்க் கேட்டு, என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் என்ஜினில் கைவைக்க விட்டார்.

மூன்று நாள் வேலை. பிளாக்கை வில்லியனூர் லேத்துக்கு எடுத்துப்போனபோது மீன் கூடையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார். போர் போட்டு முடித்ததும் உள்ளே விரலைவிட்டுச் சுற்றினார். "இங்க ஒரு எடத்துல தடுக்குது" என்றார். லேத்துக்காரர் சிரித்தார். அளவுக் கருவியை உள்ளே விட்டு மேலே, நடுவில், கீழே அளந்தார். எங்கும் ஒன்றும் இல்லை. அக்கா கூச்சப்படவே இல்லை. "சரி. பாத்தாச்சி இல்ல?" என்று கூடையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் கேம் போட்டேன். பல்சக்கரத்தில் புள்ளி இருக்கும். புள்ளிக்குப் புள்ளி நேராக நிற்க வேண்டும், ஒரு பல் தவறினாலும் வால்வு பிஸ்டனில் மோதும். டார்ச் அடித்துப் பார்த்தார். என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றச் சொல்லித் திரும்பவும் பார்த்தார்.

மூன்றாம் நாள் பிஸ்டன். பிஸ்டனைத் தாங்குவது ஒரு பின். அந்தப் பின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நழுவாமல் இருக்க, இரண்டு முனையிலும் கம்பி வளையம் ஒவ்வொன்று. நாங்கள் லாக்கு என்போம். சுண்டுவிரல் மோதிரம் அளவுதான் இருக்கும். நான் இடது பக்க லாக்கைப் போட்டதை அக்கா பார்த்தார். அப்போது அவருக்குப் போன் வந்தது. வீட்டுக்காரர் குளியலறையில் விழுந்துவிட்டாராம், பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள்.

அக்கா எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். திறந்து கிடந்த என்ஜினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ மூடிடு தம்பி. நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்."

இரண்டு வருஷத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது. சாயங்காலத்துக்குள் மூடினேன்.

உதைத்த முதல் உதையிலேயே வண்டி எடுத்தது. சத்தம் கனமாக, அடிவயிற்றிலிருந்து வந்தது. அக்கா ஐந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் பழக்கினார், வந்து ஆயில் மாற்றினார். வீட்டுக்காரருக்கு வெறும் சிராய்ப்புதான். ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை கொல்லிமலைக்குக் கிளம்புவதாக முந்தின நாளே சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் மனைவி பட்டறையைப் பெருக்கினாள். ராத்திரி பெய்த மழையில் ஆயில் டிரம்முக்கு அடியில் தண்ணீர் புகுந்திருந்தது. டிரம்மை உருட்டியவள், "இன்னாங்க இது, வளையம் கெடக்குது" என்று கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

லாக்கு. புதுசு. அந்த அளவு பிஸ்டனை அந்த வருஷம் நான் வேறு எந்த வண்டிக்கும் போடவில்லை.

எனக்கு ஞாபகம் வந்தது இவ்வளவுதான்: அக்கா போன பிறகு வலது பக்க லாக்கை இடுக்கியில் பிடித்தேன். அது துள்ளிப் பறந்தது. அப்போது வாடிக்கைக்காரர் யாரோ போனில் கூப்பிட்டார். பேசினேன். அப்புறம் பிளாக்கை இறக்கினேன். நடுவில் என்ன செய்தேன்? பிஸ்டன் வந்த பெட்டியில் மூன்றாவது லாக்கு இருந்து அதை எடுத்துப் போட்டேனா? இல்லை, போனை வைத்துவிட்டு வந்து நேராக பிளாக்கைத் தூக்கிவிட்டேனா?

பிஸ்டன் வாங்கிய கடைக்காரரை எழுப்பிக் கேட்டேன். "சில பொட்டில ரெண்டு வரும்ணா. சிலதுல ஸ்பேர் ஒன்னு சேத்து மூணு வரும்," என்றார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே போன். ஓட்டும்போது அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்.

"இல்லனா இன்னா ஆவும்?" என்றாள் மனைவி.

"பின்னு வெளிய வரும். பிளாக்கக் கீறும். ஒரு எடத்துல புடிச்சிக்கும். பின்சக்கரம் அப்படியே நின்னுடும்."

"ஓடும்போதா?"

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அவள் உள்ளே போய் என் ஹெல்மெட்டை எடுத்துவந்தாள்.

என்ஜினைத் திறந்து மூடினால் புதிதாக வைக்க வேண்டிய மேல் பேக்கிங் செட், ஒரு லாக்கு, இடுக்கி, ஸ்பேனர்கள். பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாகூர் வழியாக வில்லியனூர், அங்கிருந்து விழுப்புரம் ரோடு. போகிற வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய வண்டி. லாக்கு இல்லை என்றால் இந்நேரம் சத்தம் கொடுத்திருக்கும். பத்து வருஷமாகச் செய்கிற வேலை, கை தானாகப் போட்டிருக்கும். மூன்று தடவை வேகத்தைக் குறைத்தேன். மூன்றாம் தடவை, விழுப்புரம் தாண்டி, வண்டியை ஓரம்கட்டியே நிறுத்திவிட்டேன். இப்போது திரும்பினால் யாருக்கும் தெரியாது. அவர்கள் நல்லபடியாக ஏறி இறங்கிவிட்டால், அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு மிச்சமாக இருக்கும்.

அப்படியும் நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் சமதளத்தில் பின் நகராமல் இருக்கலாம். மலையில், பாரத்தோடு, சாய்ந்து சாய்ந்து எழுபது வளைவு திரும்பும்போது நகரும். வீட்டுக்காரர் இடது காலை ஊன்ற முடியாதவர். வண்டி எந்தப் பக்கம் விழுந்தாலும் எழுந்து விலகக்கூட முடியாது. மறுபடியும் கியரைப் போட்டேன்.

டீக்கடைகளில் விசாரித்தேன். "வாக்கர் கட்டின வண்டி, ஒரு அம்மா ஓட்டிக்கினு…" என்று ஆரம்பித்தால் போதும். யாரும் மறந்திருக்கவில்லை. ஒரு கடையில் அரைமணி நேரம் முன்னால் என்றார்கள். அடுத்ததில் இப்போதுதான் என்றார்கள்.

கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் புளியமர நிழலில் வண்டி நின்றது. வீட்டுக்காரர் மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி அப்படிப் பார்ப்பது அவர் வழக்கம். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"இன்னா தம்பி, இங்க?"

வாயில் முதலில் வந்தது பொய்தான். "ஒன்னுல்லக்கா. ஒரு சின்ன டைட்டு, பாக்கலாம்னு…"

அவர் மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே மாதிரி என்னைப் பார்த்தார். "இதுக்கா இம்மாந் தூரம் வந்த?"

சொல்லிவிட்டேன். லாக்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். துள்ளிப் பறந்தது, போன் வந்தது, அப்புறம் ஞாபகமில்லை, எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இல்லனா, மலையில இன்னா ஆவும்?"

"சக்கரம் நின்னுடும்க்கா."

"நிக்கறதுக்கு முன்னாடி தெரியுமா?"

"தெரியாது."

அவர் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கையில் பாதி தின்ற கடலை உருண்டை இருந்தது. மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அக்கா சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "தொற."

ஒரு மினிலாரியைப் பிடித்து வண்டியைக் கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அந்த மெக்கானிக் இடம் கொடுத்தார். என்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். டேங்கை எடுத்தேன், ஹெட்டைக் கழற்றினேன். ஒரு நட்டு கை தவறிக் கீழே விழுந்தது. அக்கா அதை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். பிளாக்கைத் தூக்கினபோது எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர்தான் டார்ச்சைப் பிடித்துக் குனிந்தார். இடது பக்கம் பார்த்தார். சுற்றி வந்து வலது பக்கம் பார்த்தார். விரல் நகத்தால் தடவினார்.

"கீது," என்றார்.

நானும் குனிந்தேன். வலது பக்க லாக்கு அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. பிளாக்கின் உள்சுவரில் ஒரு கோடுகூட இல்லை. பெட்டியில் மூன்றுதான் இருந்திருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"அப்பாடா! பாத்தியாக்கா, சரியாத்தான் போட்டிருக்கன்!"

அக்கா சிரிக்கவில்லை. "போட்டிருக்க. ஆனா உனக்குத் தெரியல இல்ல?"

பட்டறைக்காரர்கூட வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அன்றைக்கு அந்த வளையம் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படியென்றால், ஓடிவந்து காப்பாற்றினேன் என்றாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

"மூடு. பாக்கறன்," என்றார்.

மூடி முடிக்க மாலை ஆகிவிட்டது. ஒவ்வொரு நட்டுக்கும் அவர் கண் கூடவே வந்தது. நான் ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டினேன்.

"எங்க போற? காலைல எங்க பின்னாடி வா. ஏறட்டும், அப்பால போ."

மனைவிக்குப் போனில் சொல்லிவிட்டு ஆத்தூரில் அவர்களோடு தங்கினேன். மறுநாள் ராசிபுரம் வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து மலை. நான் இருபது அடி பின்னால் போனேன். லாக்கு இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் என் கை பிரேக்குக்குப் போனது. காதெல்லாம் முன்னால் போகிற என்ஜினில்தான். உள்வளைவில் வண்டி ஏறக்குறைய நின்றுபோகிற மாதிரி ஆகும். அக்கா கொஞ்சம் முறுக்குவார். அந்தக் கனத்த சத்தம் இன்னும் கனக்கும். வண்டி எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரரின் அகன்ற முதுகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாயும். நாற்பத்திரண்டாவது வளைவில் அவர் கையைத் தூக்கி எனக்கு எதையோ காட்டினார். அங்கேதான் போன தடவை நின்றிருக்கிறது. வண்டி நிற்காமல் தாண்டியது.

மேலே செம்மேட்டில் நிறுத்தினோம். வீட்டுக்காரர் தானே வாக்கரைப் பிடித்து இறங்கினார், தானே நடந்துபோய் மூன்று டீ சொன்னார். அக்கா என்ஜின் மேல் கையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.  கிளம்புகிறேன் என்று சொன்னேன்.

அக்கா சாவியை என் கையில் வைத்தார்.

"கோயில் வரைக்கும் இவர ஏத்திக்கினு போய்ட்டு வா. நான் இங்க குந்தியிருக்கன்."

"நானா?"

"நீதான் மூடின. ஓட்டிப் பாரு."

அந்த வண்டியை எத்தனையோ தடவை பட்டறை வாசலிலிருந்து ரோடுவரை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், பின்னால் ஆள் இல்லாமல். வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி மொத்தமும் அமுங்கியது. அவ்வளவு பாரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. உயிரில்லாத இடது காலைத் தானே கையால் தூக்கி ஃபுட்ரெஸ்டில் வைத்தார். என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியோடுதான் அவர் இவ்வளவு தூரம் அக்காவின் பின்னால் வந்திருக்கிறார்.

மெல்ல எடுத்தேன். ரோடு கீழே இறங்கி ஒரு வளைவுக்குள் போனது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா குந்தவில்லை. டீயையும் எடுக்கவில்லை. நடுரோட்டில் வந்து நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் போய்க்கொண்டிருந்தேன்.

"அவ பாத்துக்கினுதான் இருப்பா," என்றார் அவர், என் காதருகில். "நீ ரோட்டப் பாருபா."